கான்கிரீட்டிலிருந்து கால்சியம் கரைந்து வெளியேறுவதைக் கணக்கிடுவது எப்படி?

அணைக்கட்டுகளிலும் நிலத்தடி அணுக்கழிவுக் கிடங்குகளிலும் கான்கிரீட் நெடுங்காலம் நீரோடு உறவாடுகிறது. கனிமச் செறிவு குறைந்த அந்த நீர், சிமெண்ட் பசையின் நுண்துளைகளிலுள்ள கால்சியத்தை மெல்ல வெளியே இழுக்கிறது. அதனால் முதலில் போர்ட்லாண்டைட் எனப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடு படிகங்கள் கரைகின்றன. பிறகே, பசைக்கு வலுவூட்டும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் தன் கால்சியத்தைப் பெருமளவில் இழக்கத் தொடங்குகிறது. போர்ட்லாண்டைட்டை மட்டும் கருதும் ஒரு பரிமாண மாதிரியை இங்கே அமைப்போம்.

படி 1: உள்ளீடுகள்

போர்ட்லாண்டைட்டோடு சமநிலையிலுள்ள துளைநீரில் அறை வெப்பநிலையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 22 மோல் கால்சியம் இருக்கும். துளைமை (பசையின் கன அளவில் துளைகளின் பங்கு) 0.2, திண்மக் கால்சியம் கன மீட்டருக்கு 5000 மோல், விரவல் குணகம் (கால்சியம் துளைகள் வழியே எவ்வளவு எளிதில் பரவுகிறது என்பதன் அளவு) நொடிக்கு 5×10⁻¹¹ சதுர மீட்டர் என்பவை எடுத்துக்காட்டுக்கான மதிப்புகளே. உங்கள் கலவைக்கு ஏற்ப அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதற்கான கணினி நிரலை எழுதும் முன் ஓர் ஒப்பீட்டை மனத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். ஒரு கன மீட்டர் பசையின் துளைநீரில் இருப்பது 0.2 × 22 = 4.4 மோல் மட்டுமே; திண்மத்திலோ அதைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் இருக்கிறது. இந்தப் பெருஞ்சேமிப்பு ஓரிடத்தில் முழுவதும் தீர்ந்தால்தான் கரைமுகம் (போர்ட்லாண்டைட் தீர்ந்த பகுதிக்கும் தீராத பகுதிக்கும் இடையிலான எல்லை) அடுத்த இடத்துக்கு நகர முடியும் என்பதே சிதைவு இவ்வளவு மெதுவாக நிகழ்வதற்கு முதன்மைக் காரணம்.

படி 2: கட்டங்கள்

10 மில்லிமீட்டர் ஆழத்தை 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள 100 கட்டங்களாகப் பிரியுங்கள். வெளிப்பரப்பில் செறிவு சுழியம். உள் எல்லையில் கால்சியம் கடக்காது.

படி 3: மொத்தக் கால்சியம்

செறிவை நேரடியாகப் புதுப்பித்தால் கரைமுகத்தில் கணக்கு எளிதில் தடுமாறும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் மொத்தக் கால்சியத்தை, அதாவது துளைமை × செறிவு + திண்மம் என்ற கூட்டுத்தொகையைச் சேமியுங்கள். அண்டைக் கட்டங்களின் செறிவு வேறுபாட்டிலிருந்து பாயத்தை, அதாவது ஒரு நொடியில் ஒரு சதுர மீட்டரைக் கடக்கும் கால்சியத்தின் அளவைக் கணக்கிட்டு அந்தத் தொகையைப் புதுப்பித்தபின், அது 4.4-ஐ விட அதிகமானால் செறிவு 22, மிச்சம் திண்மம். குறைந்தால் திண்மம் தீர்ந்தது, தொகையைத் துளைமையால் வகுத்தால் செறிவு கிடைக்கும். மாதிரியின் உயிர்நாடி இந்த ஒற்றை நிபந்தனைதான்.

படி 4: காலப்படி

துளைமை × (கட்ட அகலம்)² ÷ (2 × விரவல் குணகம்) என்பதே இரு புதுப்பிப்புகளுக்கு இடையே விடக்கூடிய நேரத்தின் உச்சவரம்பு; இங்கே அது 20 நொடி. வெளிப்பரப்பையொட்டிய கட்டத்தில் தூரம் பாதியே என்பதால் 10 நொடி எடுப்பது பாதுகாப்பானது.

படி 5: சரிபார்ப்பு

கரைமுகத்தின் ஆழம் ≈ √(2 × விரவல் குணகம் × 22 × காலம் ÷ 5000). இதன்படி 100 நாளில் சுமார் 2 மில்லிமீட்டரும் 400 நாளில் சுமார் 4 மில்லிமீட்டரும் வரவேண்டும். நான்கு மடங்கு காலத்தில் ஆழம் இரு மடங்காகாவிட்டால், பிழையை முதலில் பாயக் கணக்கில் தேடுங்கள்.

அடுத்ததாகத் துளைமை மாற்றத்தைச் சேர்க்கலாம். ஒரு மோல் போர்ட்லாண்டைட்டின் கன அளவு சுமார் 33×10⁻⁶ கன மீட்டர் என்பதால், 5000 மோலும் கரைந்த இடத்தில் துளைமை 0.2-இலிருந்து 0.365 ஆகும், விரவல் குணகமும் அங்கே உயரும் என்பதால் காலப்படியை மீண்டும் கணக்கிட வேண்டும். சிலிக்கேட் ஹைட்ரேட்டைச் சேர்க்க விரும்பினால், படி 3-இன் நிபந்தனைக்குப் பதிலாகத் திண்மக் கால்சியத்துக்கும் செறிவுக்குமான சமநிலை வளைகோட்டைப் பயன்படுத்துங்கள்.

ஆய்வக அளவீட்டோடு ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை. வெட்டுமுகத்தில் ஃபினால்ஃப்தலீன் என்ற காரங்காட்டி காட்டும் இளஞ்சிவப்பு எல்லை, உண்மையான போர்ட்லாண்டைட் கரைமுகத்தைவிடச் சற்று மேலேயே, வெளிப்பரப்புக்கு அருகில் நின்றுவிடுகிறது. எனவே நிற எல்லையை அப்படியே கரைமுகமாகக் கொண்டு விரவல் குணகத்தைப் பொருத்தினால் அதன் மதிப்பு குறைவாகவே கிடைக்கும்.