பினாங்கில் வீட்டு இணைய லைன் மாற்றுவது எப்படி: கேபிளில் இருந்து தொடங்குங்கள்

"எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "தரை வீடா, அடுக்குமாடியா? எந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி), எந்த புளோக்?" என்பதுதான். நம் ஊரில் இணையச் சேவையின் தரத்தைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது உங்கள் சுவர் வரை வந்திருக்கும் கேபிள். கெலுகோர் பக்கம் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அண்மையில் லைன் மாற்றினேன். அதில் தெரிந்துகொண்டதை, முதல் முறை மாற்றப் போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். ரௌட்டரை எப்படி ஆன் செய்வது, வைஃபை பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் இதில் இருக்காது.

படி 1: சுவரில் இருப்பது யாருடைய கேபிள்?

மலேசியாவில் வீடுகளுக்கு வரும் ஃபைபர் கேபிளில் பெரும்பகுதி டெலிகோம் மலேசியா, அதாவது டிஎம், இழுத்தது. 2008-ல் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு வேலையைத் தொடங்கி, 2010 மார்ச்சில் யூனிஃபை என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மேக்சிஸ், செல்கோம்டிஜி, ஆஸ்ட்ரோ ஆகியவை பல இடங்களில் அதே டிஎம் கேபிளை மொத்த விலைக்கு வாங்கித்தான் நமக்கு விற்கின்றன. 2018-ல் தொடர்பு பல்லூடக ஆணையம் அந்த மொத்த விலைக்கு வரம்பு கட்டியது. அந்த ஆண்டு வீட்டு பிராட்பேண்ட் விலை நாடு முழுக்கச் சட்டென்று இறங்கியதற்குக் காரணம் அதுதான்.

டைம் என்ற கம்பெனியின் கதை வேறு. அவர்கள் சொந்தக் கேபிள் வைத்திருக்கிறார்கள். அதிகமும் கொண்டோ, உயர்மாடிக் கட்டடங்களில்தான் இழுத்திருக்கிறார்கள். மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் கொண்டுவந்த அல்லோவும் சில பகுதிகளில் தனிக் கேபிள் போட்டிருக்கிறது.

இது ஏன் முக்கியம்? உங்கள் பகுதியில் சாலை தோண்டும்போது கேபிள் அறுந்து அடிக்கடி லைன் போகிறது என்று வைத்துக்கொள்வோம். யூனிஃபையில் இருந்து மேக்சிஸுக்கு மாறினாலும் அதே கேபிள்தான், அதே இடத்தில்தான் அறுபடும். அந்தத் தொல்லையில் இருந்து தப்ப வேண்டுமென்றால் வேறு கேபிள் வைத்திருப்பவரிடம் போக வேண்டும். பில் குழப்பம், அழைத்தால் எடுக்காத வாடிக்கையாளர் சேவை, மட்டமான ரௌட்டர் என்று பிரச்சினை வேறாக இருந்தால், அதே கேபிளில் வேறு கம்பெனிக்கு மாறினாலே போதும். முதலில் உங்கள் பிரச்சினை இதில் எது என்று முடிவு செய்யுங்கள்.

அடுக்குமாடிக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய கட்டடங்கள் சிலவற்றில் ஃபைபர் கீழ்த்தளத்து அறையோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்கு வருவது பழைய டெலிபோன் செம்புக் கம்பி. மோடத்துக்குள் போகும் வயர் டெலிபோன் வயர் மாதிரி இருந்தால் உங்கள் வீடும் அப்படித்தான். 500 மெகாபிட் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டாலும் அந்தக் கம்பி அவ்வளவைத் தாங்காது.

படி 2: முகவரிச் சோதனை (இங்கேதான் நிதானம் வேண்டும்)

ஒவ்வொரு கம்பெனியின் இணையதளத்திலும் முகவரியைப் போட்டு, சேவை உண்டா என்று பார்க்கலாம். சுலபமாகத் தெரியும். ஆனால் இந்த ஒரு படியில்தான் என் நாட்களில் பாதி போனது.

எங்கள் கட்டடத்தின் பெயரைப் போட்டவுடன் "சேவை உண்டு" என்று பச்சை நிறத்தில் வந்தது. விண்ணப்பித்தேன், தேதி கொடுத்தார்கள், ஆள் வந்தார். கீழே தொலைத்தொடர்பு அறையைத் திறந்து பார்த்துவிட்டு, எங்கள் புளோக்குக்கான போர்ட் (வீட்டுக் கேபிளைச் சொருகும் இடம்) எல்லாம் நிறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கம்பெனியின் தளம் கட்டடத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறது. எங்கள் மாடிக்குப் போகும் பெட்டியில் இடம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தை ரத்து செய்யச் சொல்லி எத்தனையோ முறை அழைத்த பிறகுதான் விட்டார்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கட்டடத்தின் பெயரோடு நிறுத்தாமல் புளோக், மாடி, யூனிட் எண் வரை போட்டுத் தேடுங்கள். முகவரியை ஒரே எழுத்துக்கூட்டில் தேடாதீர்கள். 'ஜாலான்' (சாலை) என்று முழுதாகவும், சுருக்கமாகவும், 'லோரோங்' (சந்து) எண்ணோடும் எண் இல்லாமலும் போட்டுப் பாருங்கள். ஒரே வீடு ஒரு வடிவத்தில் கிடைக்கும், இன்னொன்றில் கிடைக்காது. பில்லில் இருக்கும் முகவரி வடிவம்தான் பெரும்பாலும் சரியாக வரும். அப்புறம், விண்ணப்பிக்கும் முன் எழுத்து மூலம், சாட்டிலோ மின்னஞ்சலிலோ, "என் யூனிட்டுக்குக் காலி போர்ட் உறுதியா?" என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

இதைவிட நம்பகமான வழி மேனேஜ்மென்ட் ஆபீஸ். யார் யாருடைய கருவிகள் கட்டடத்தில் இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியும். அதே மாடியில் இருக்கும் அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் எதிர்வீட்டு ஆண்ட்டி சொன்ன தகவல்தான் கடைசியில் சரியாக இருந்தது.

படி 3: எத்தனை மெகாபிட்?

என் கருத்து: நான்கைந்து பேர் இருக்கும் சராசரி வீட்டுக்கு 100 மெகாபிட் போதும். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு அவர்களே பரிந்துரைப்பது 15 மெகாபிட்தான். ஒரே நேரத்தில் மூன்று டிவி ஓடினாலும் 45. அளவில் பெரிய கேம்களை அடிக்கடி இறக்குகிற பிள்ளைகள் இருந்தால் 300 எடுக்கலாம். ஒரு ஜிகாபிட் விற்க வருகிற ஏஜென்ட்டுகளிடம், வீட்டில் என்னென்ன பயன்படுத்துகிறோம் என்று பட்டியல் போட்டுக் காட்டிவிட்டு, வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் இருந்து வேலை செய்பவர்கள் அப்லோட் வேகத்தையும் கேளுங்கள். பல திட்டங்களில் அது டவுன்லோடைவிடக் குறைவுதான்.

படி 4: 24 மாதக் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலான ஒப்பந்தங்கள் 24 மாதம். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் விலை சில சமயம் முதல் ஆறு மாதத்துக்கு மட்டும். மாதக் கட்டணத்தைப் பார்க்காமல் மொத்தத்தைக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, முதல் ஆறு மாதம் 99 வெள்ளி (ரிங்கிட்), பிறகு 139 வெள்ளி என்றால் 24 மாதத்துக்கு 3,096 வெள்ளி. ஆரம்பம் முதல் 119 வெள்ளி என்று சொல்லும் இன்னொரு திட்டம் 2,856 வெள்ளிதான். முதலாவது மலிவு போலத் தெரிந்தாலும் 240 வெள்ளி கூடுதல். இதற்கு மேல் 6 விழுக்காடு சேவை வரி வரும். 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 ஆனபோதும் தொலைத்தொடர்புக்கு 6 விழுக்காடாகவே விட்டுவைத்தார்கள்.

"இலவச டிவி", "இலவச ரௌட்டர்" என்று வந்தால், ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் அந்தப் பொருளுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

படி 5: பழைய லைனை எப்போது வெட்டுவது?

புது லைன் ஓட ஆரம்பித்த பிறகு வெட்டுவதுதான் நல்லது. சில நாள் இரண்டுக்கும் பணம் கட்டினாலும் பரவாயில்லை. பிள்ளைகளின் வகுப்பும் உங்கள் வேலையும் நிற்காது. ஆனால் இரண்டு கம்பெனியும் அதே டிஎம் கேபிளில் இருந்தால், "புது ஃபைபர் இழுப்பீர்களா, இருப்பதையே பயன்படுத்துவீர்களா? பழையதை முன்பே நிறுத்த வேண்டுமா?" என்று புதியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஒப்பந்தம் முடியும் தேதி பில்லில் இல்லையென்றால் அழைத்துக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். கருவிகளைத் திருப்பிக் கொடுத்த ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். வங்கியில் ஆட்டோ டெபிட் போட்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

படி 6: ஆள் வரும் நாள்

கொண்டோவாக இருந்தால் முதல் நாளே மேனேஜ்மென்ட் ஆபீஸில் அனுமதி வாங்குங்கள். பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய விடமாட்டார்கள், சில இடங்களில் வைப்புத்தொகையும் கேட்பார்கள். சுவரில் துளை போட வேண்டியிருந்தால் வீட்டு உரிமையாளரிடமும் சொல்லிவிடுங்கள்.

ரௌட்டரைக் கதவோரம் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகத்தான் வருகிறவர்கள் விரும்புவார்கள், அவர்களுக்கு வேலை குறைவு. வீட்டின் நடுவே, உயரமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். நம் அடுக்குமாடிகளின் காங்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை களைத்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன் மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து வேகம் பாருங்கள். வைஃபையில் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். 300 திட்டத்தில் 95-ஐத் தாண்டவே இல்லை என்றால் லைன் மீது பழி போடும் முன் கேபிளைச் சந்தேகியுங்கள். ரௌட்டரையும் கணினியையும் இணைக்கும் லேன் கேபிளில் எட்டுக் கம்பி உண்டு. அதில் நான்கு மட்டும் சரியாகப் பொருத்தியிருந்தால் வேகம் 100-க்கு மேல் ஏறாது. கேட்5இ வகை லேன் கேபிள் ஒன்று மாற்றினாலே சரியாகிவிடும்.

ரௌட்டர் பற்றி

கம்பெனி கொடுப்பதைக் கொஞ்ச நாள் பயன்படுத்திப் பாருங்கள், போதாவிட்டால் சொந்தமாக வாங்குங்கள். நான் டிபி-லிங்க் வைத்திருக்கிறேன். அமைப்பு எளிது, விலையும் தாங்கும். ஏசூஸ் கேம் ஆடுபவர்களுக்குப் பிடிக்கும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு நண்பர், சொந்த ரௌட்டர் வாங்கியும் யூனிஃபை வரவில்லை என்றார். யூனிஃபைக்கு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் மட்டும் போதாது, இணையத்துக்கு விலான் எண் (ஒரே கேபிளில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்) 500 என்றும் கொடுக்க வேண்டும். டிஎம் கேபிளில் வரும் மேக்சிஸுக்கு 621. இங்கே விற்கும் பல ரௌட்டர்களின் அமைப்பில் ஐபிடிவி (இணைய வழி டிவி) என்ற பக்கத்தில் 'யூனிஃபை', 'மேக்சிஸ்' என்றே தேர்வு இருக்கும், அதைத் தட்டினால் எண் தானாக வரும். பழைய ரௌட்டரைக் கழற்றும் முன் அந்தப் பயனர் பெயரைக் குறித்து வையுங்கள்.

பாலேக் பூலாவ் உட்புறத்தில் இருப்பவர் ஃபைபரே வராத வீட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார். முதலில் 5ஜி வீட்டு ரௌட்டர். ஆனால் உங்கள் கைப்பேசியில் அதே கம்பெனியின் சிம் போட்டு, வீட்டின் ஒவ்வொரு ஜன்னலிலும் இரவு 9 மணிக்கு வேகம் பார்த்த பிறகே ஒப்பந்தம் போடுங்கள். பகலில் நன்றாக வருவது இரவில் பாதியாகலாம். அதுவும் சரியில்லை என்றால் ஸ்டார்லிங்க் உண்டு, 2023 ஜூலையில் இருந்து மலேசியாவில் கிடைக்கிறது. வானம் மறைக்காத கூரை வேண்டும்.

சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களோடு வீடியோவில் பேசினால் மட்டும் திக்குகிறது என்பது இன்னொருவர் குறை. நம் பினாங்கில் இருந்தே சென்னைக்குக் கடலடிக் கேபிள் போகிறது, வங்காள விரிகுடா வழியாக. இருந்தும் உங்கள் கம்பெனி எந்தப் பாதையில் அனுப்புகிறது என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. உள்ளூர் வேகச் சோதனையோடு நிற்காமல், சோதனைத் தளத்தில் சென்னை சர்வரைத் தேர்ந்தெடுத்து பார்க்கச் சொன்னேன். அதே கேபிளில் வேறு கம்பெனி வைத்திருக்கும் அண்டை வீட்டிலும் அதே நேரத்தில் பார்த்தால் ஒப்பிட்டுவிடலாம்.

லைன் வந்த பிறகும் பிரச்சினை தீரவில்லை என்றால், முதலில் கம்பெனியிடமே புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் புகார்த் தளத்தில் அந்த எண்ணோடும் வேகச் சோதனைப் படங்களோடும் பதிவு செய்யுங்கள். படங்களில் தேதியும் நேரமும் தெரியும்படி, கேபிளில் இணைத்து எடுத்ததாக இருக்கட்டும். வைஃபை படத்தை வைத்தால், பிரச்சினை உங்கள் வீட்டுக்குள்தான் என்று எளிதாகத் திருப்பிவிடுவார்கள்.