கையை எடுத்ததும் பொம்மை ‘காணாமல்’ போகாமலிருக்க

டேப்லெட் திரைமேல் பொம்மை வைத்து ஆடும் விளையாட்டை உருவாக்குகிறீர்களா? பொம்மையின் அடியில் 8 மி.மீ. அகலமுள்ள மின்கடத்தும் ஃபோம் துண்டுகள் மூன்றை, பக்கங்கள் சமமில்லாத முக்கோணமாக ஒட்டுங்கள். அந்த முக்கோணத்தை வைத்து, பொம்மை இருக்கும் இடத்தோடு அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் நிரலுக்குத் தெரியும். துண்டுகள் மிக நெருங்கினால் திரை இரண்டையும் ஒரே தொடுதலாக எடுத்துக்கொள்ளும். அவற்றிலிருந்து செம்புப் பட்டையைக் குழந்தை பிடிக்கும் இடம்வரை கொண்டுபோங்கள்; கையோடு மின் இணைப்பு இருந்தால்தான் திரை துண்டுகளை விரல்போல உணரும்.

பெரிய சிக்கல், கையை எடுத்ததும் பல திரைகளில் தொடுதல் அறுந்துவிடும். சின்னக் குழந்தைகள் வைத்த உடனே கையை எடுக்கத்தான் செய்வார்கள். ஆகவே தொடுதல் போனாலும் பொம்மை அங்கேயே இருப்பதாக நிரலில் வையுங்கள்; அதே முக்கோணம் வேறிடத்தில் தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள். பல டேப்லெட்டுகள் ஒரே நேரத்தில் 10 தொடுதல்தான் ஏற்கும். ஊன்றிய மணிக்கட்டும் அதில் ஒன்றைத் தின்றுவிடும் என்பதால், இரண்டு பொம்மையோடு நிறுத்துவது நல்லது.