பார்வையற்ற நண்பருடன் ஓவியக்கூடம் போகிறீர்களா?

கிளம்பும் முன் அருங்காட்சியகத்துக்கு ஒரு போன் போட்டு, தொட்டுப் பார்க்க ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள். ஸ்பெயினில், மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம், 2015-இல் தன்னிடமுள்ள மோனா லிசா பிரதி உட்படச் சில ஓவியங்களை மேடுபள்ளமாக அச்சிட்டு, தடவிப் பார்க்கவே வைத்தது.

அப்படி எதுவும் இல்லையென்றால் நீங்கள்தான் வாயால் வரைய வேண்டும். முதலில் ஓவியத்தின் அளவு, பிறகு எது எங்கே இருக்கிறது என்பது. "இரண்டு மணி திசையில் ஜன்னல்" என்று கடிகாரக் கணக்கில் சொன்னால் சட்டெனப் பிடிபடும். நிறங்களை விட்டுவிடாதீர்கள், முன்பு பார்வை இருந்தவர்களும், இப்போதும் மங்கலாகத் தெரிபவர்களும் நிறையப் பேர். "ரொம்ப அழகா இருக்கு" என்பது வர்ணனையில் சேராது! நடக்கும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும்.