படகே வீடு, சரி. தூண்டில் போடலாமா? புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன மாதம் லண்டன் ஆல்பர்டன் பக்கம், கிராண்ட் யூனியன் கால்வாயில், என் படகுக்கு இரண்டு படகு தள்ளி ஒரு தம்பி வந்து கட்டினார். கும்பகோணத்துப் பக்கம் சொந்த ஊர். நாரோபோட் என்கிற ஒடுக்கமான கால்வாய்ப் படகு வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் பின்தளத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "மீன் பிடிக்கச் சீட்டு வாங்கியாச்சா தம்பி?" என்றேன். "எதுக்குண்ணே? என் வீட்டு வாசல்லதானே உக்காந்திருக்கேன்" என்றார்.

2020-இல் நான் சொன்ன அதே வார்த்தை. அதற்காக நான் கொடுத்த விலை இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முள் எப்படிக் கட்டுவது, மிதவைச் சட்டை போடுவது இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

"படகு என் வீடு, அதனால் தடை எனக்கு இல்லை"

இதில்தான் நான் மாட்டினேன், இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் 23 இரவு இங்கிலாந்தில் எல்லோரும் வீட்டிலேயே இருக்கச் சொல்லி அறிவித்தார்கள். 26-ஆம் தேதி அது சட்ட விதியாகவே வந்தது: தக்க காரணம் இல்லாமல் குடியிருக்கும் இடத்தை விட்டு வெளியே போகக்கூடாது. தூண்டில்காரர்களின் அமைப்பான அங்லிங் டிரஸ்ட் எல்லோரையும் தூண்டிலை எடுத்து வைக்கச் சொன்னது. நான் அந்த விதியை வரி வரியாகப் படித்தேன். குடியிருக்கும் இடம் என்றால் வீடு மட்டுமல்ல, அதோடு சேர்ந்த தோட்டம், முற்றம், மாடிப்படி எல்லாம் அடங்கும் என்று இருந்தது. என் வீடு 50 அடி நீளம், ஏழடிக்கும் குறைவான அகலம் கொண்ட ஓர் இரும்புப் படகு. பின்தளம் என் முற்றம். முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு நரம்பைத் தண்ணீரில் விட்டால் நான் எங்கே வெளியே போனேன்?

அந்த ஒரு விதியைப் பொறுத்தவரை நான் படித்தது தப்பில்லை. தப்பு என்னவென்றால், கேள்வி ஒன்றல்ல, இரண்டு என்பதை நான் கவனிக்கவில்லை. வீட்டை விட்டுப் போகலாமா என்பது ஒரு கேள்வி, இந்தத் தண்ணீரில் மீன் பிடிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த பதிலை எடுத்து இரண்டாவதற்கும் ஒட்டிக்கொண்டேன்.

நம் ஊர் வாய்க்காலில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது மனதில் ஏறுவது கஷ்டம், அங்கே யாரும் கேட்டதில்லை. இங்கே மீன்பிடி உரிமை என்பது நிலம் மாதிரி ஒரு சொத்து. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான கால்வாய்களைக் கவனிக்கிற கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட், இந்தப் பாலத்திலிருந்து அந்தப் பாலம் வரை என்று துண்டு துண்டாக மீன்பிடி உரிமையைத் தூண்டில் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. நாம் வருஷா வருஷம் கட்டும் படகு உரிமம், படகைத் தண்ணீரில் வைத்திருக்கவும், ஓட்டவும், நிரந்தர இடம் இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாள் வரை கட்டிக்கொள்ளவும் மட்டும்தான். அதில் மீன் சேர்த்தி இல்லை. கரையில் நின்று போட்டாலும், தளத்தில் உட்கார்ந்து போட்டாலும், சமையலறை ஜன்னல் வழியாக நரம்பை விட்டாலும், முள் விழுவது சங்கத்தின் தண்ணீரில்தான். அந்த வசந்தத்தில் நான் கட்டியிருந்த பகுதிக்கு உரிமை வைத்திருந்த சங்கம் தன் உறுப்பினர்களுக்கே மூடி வைத்திருந்தது. சந்தா கட்டியவர்கள் வீட்டில் அடைந்து கிடக்கும்போது, சீட்டே இல்லாத நான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் மாதம், சாயங்காலம் ஐந்தரை இருக்கும். ரொட்டியைப் பிசைந்து உருட்டி முள்ளில் வைத்திருந்தேன். உள்ளங்கை நீளத்தில் ஒரு ரோச் மாட்டியது, கண் ஓரம் சிவப்பு, செதிலில் வெயில் பட்டுப் பளபளத்தது. அதை முள்ளிலிருந்து கழற்றிக்கொண்டிருக்கும்போதே கரைப்பாதையில் இரண்டு பேர் வந்து நின்றார்கள், உரிமம் பார்க்கிற அதிகாரிகள். ஊரடங்கு பற்றி நான் தயாராக வைத்திருந்த வாதத்தை அவர்கள் கேட்கவே இல்லை. கேட்டது ரோட் லைசென்ஸை, அதாவது தூண்டில் போடுவதற்கான அரசு உரிமத்தை. இங்கிலாந்தில் 13 வயதோ அதற்கு மேலோ ஆன யாரும் தூண்டிலில் நன்னீர் மீன் பிடிக்க அது வேண்டும், வாங்கிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும். என்னுடையது மார்ச் நடுவிலேயே முடிந்திருந்தது. விதியை வரி வரியாகப் படித்தவன் என் லைசென்ஸில் இருந்த தேதியைப் பார்க்கவில்லை.

பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டார்கள். நம்மைப் போல் நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு விலாசம் ஏது? வெம்பிளியில் ஒரு நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். நோட்டீஸ் அங்கே வந்தது அக்டோபரில். நண்பர் அதை மற்றக் கடிதங்களோடு சேர்த்து ஹாலில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார், நவம்பரில் மறுபடி ஊரடங்கு, நான் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை, டிசம்பரில் பையைப் பிரித்தபோது பதில் சொல்ல வேண்டிய கெடு தாண்டி, நான் இல்லாமலே தீர்ப்பும் ஆகியிருந்தது. ரோட் லைசென்ஸ் இல்லாமல் பிடித்தால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். எனக்கு அவ்வளவு இல்லை, ஆனால் வழக்குச் செலவும் சேர்த்து அந்த மாதச் சம்பளத்தில் நல்ல துண்டு போயிற்று. நேரத்துக்குப் பதில் போட்டு ஒப்புக்கொண்டிருந்தால் குறைந்திருக்கும்.

பணத்தைவிட வலித்தது, அடுத்த வருஷம் அந்தச் சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது கிடைத்த பதில். நான் படகில் உட்கார்ந்து போட்டதை எதிர்க்கரையிலிருந்து ஒரு மூத்த உறுப்பினர் தினம் பார்த்திருக்கிறார். மனைவியை இழந்து தனியாக இருந்தவர், அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அந்தத் தூண்டில்தான், விதி என்றதும் அதையும் மூடி வைத்துவிட்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு சீசன் என்னைச் சேர்க்கவில்லை. அவர்கள் செய்தது நியாயம்.

"அதெல்லாம் கொரோனா கதை, முடிஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே கோபம் வருகிறது. பொதுத் தடை வருவதற்கு நோய்தான் வேண்டும் என்பதில்லை. 2024 ஆகஸ்டில் வால்சால் கால்வாயில் சோடியம் சயனைடு கலந்தபோது தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள் என்று அறிவித்தார்கள், மீன்கள் செத்து மிதந்தன. அப்படி ஒரு நாளில் "நான் என் வீட்டில்தானே இருக்கிறேன்" என்பது எதற்கும் பதில் ஆகாது. தடை அறிவித்தால் முதலில் சங்கத்தைக் கேளுங்கள், அப்புறம் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்டின் அறிவிப்பைப் பாருங்கள், இரண்டு பக்கமும் சரி என்றால் மட்டும் தூண்டிலை எடுங்கள்.

"போன தடவை விட்டார்களே"

ஒவ்வொரு தடைக்கும் விதி வேறு. 2020 மார்ச்சில் நிறுத்தச் சொன்னதை மே 13-இல் இங்கிலாந்தில் திறந்துவிட்டார்கள். நவம்பர் ஊரடங்கில் தூண்டில் போடத் தடை இல்லை. 2021 ஜனவரியில் உடற்பயிற்சிக் கணக்கில் விட்டார்கள், ஆனால் உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். வேல்ஸில் கதையே வேறு. பக்கத்துப் படகுக்காரரின் ஞாபகத்தை நம்பித் தூண்டிலை எடுக்காதீர்கள்.

"கால்வாய்க்குத் தடைக்காலம் கிடையாது"

பாதி உண்மை. நம்மவர்கள் இதில் ஒரு தனி வழியில் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகலாம், அதனால் ஒற்றைத் தூண்டிலை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைக்கிறார்கள். இங்கே தடைக்காலம் தூண்டில்காரனுக்கே. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் ரோச், பெர்ச், பிரீம், பைக் எதையும் பிடிக்கக்கூடாது. பெரும்பாலான கால்வாய்களுக்கு இது இல்லை, ஆனால் பாதுகாக்கப்பட்ட சில கால்வாய்களுக்கு உண்டு.

சிக்கல் எங்கே என்றால், படகில் போகும்போது கால்வாய் எங்கே முடிந்து ஆறு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ரெடிங்கிலிருந்து நியூபரி போகும் வழியில் கென்னட் ஆறும் வெட்டிய கால்வாயும் மாறி மாறி வரும். கிராண்ட் யூனியனின் லெஸ்டர் பாதை சோர் ஆற்றில் போய்ச் சேரும். காலையில் சட்டப்படி போட்ட அதே தூண்டில், படகை மூன்று மைல் நகர்த்திக் கட்டிய பிறகு குற்றமாகிவிடும். 2020-இல் மே 13-ஆம் தேதி திறந்துவிட்டார்கள் என்று ஆற்றுக்கு ஓடியவர்களுக்கும் ஜூன் 16 வரை கதவு மூடித்தான் இருந்தது.

"ரோட் லைசென்ஸ் இருக்கிறதே"

அது அரசின் அனுமதி. தண்ணீருக்குரியவரின் சீட்டு தனி. இரண்டும் வேண்டும்.

குழம்புக்கு இரண்டு மீன்

வேண்டாம். கால்வாய் மீனை உரிமைக்காரரின் எழுத்து அனுமதி இல்லாமல் எடுத்துப் போகக்கூடாது, 1968 திருட்டுச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. பிடித்த மீனை ஈரக் கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, திரும்ப விட வேண்டும். விலாங்கும் அப்படித்தான். ஸாண்டர் வெளியிலிருந்து வந்த இனம், அதன் விஷயம் வேறு, சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் குழம்பு ஆசைக்கு ஈலிங் ரோட்டில் கடை இருக்கிறது, வஞ்சிரமே கிடைக்கும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஈயக் குண்டு

வீட்டோடு வையுங்கள். அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால் 1987-இலிருந்து சிறு ஈயக் குண்டுகளுக்குத் தடை.

லாக் (படகை ஏற்றி இறக்கும் மதகு) வாசல், படகு திருப்பும் இடம்

போடாதீர்கள். இன்னொருவர் புரொப்பெல்லரில் உங்கள் நரம்பு சுற்றும்.

மேலே பார்க்காமல் கம்பைத் தூக்குவது

கார்பன் கம்பில் மின்சாரம் பாயும். மின்கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே தாவும். மேலே கம்பி போகும் இடத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளித்தான் போட வேண்டும். கரையில் இருப்பவர் எழுந்து தள்ளிப் போய்விடுவார், படகில் இருப்பவருக்குத் தன் இடம்தான் இடம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது, கூரை மேல் ஏறி நின்று கம்பை இணைக்கிறவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தம்பி இப்போது 11 மீட்டர் கம்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அவர் படகுக்கு நேர் மேலே கம்பி போகிறது. ரோட் லைசென்ஸ் அன்று மாலையே ஆன்லைனில் எடுத்துவிட்டார். சங்கத்தின் பலகை இரண்டு பாலம் தள்ளி இருக்கிறது, அங்கே மேலே வெறும் வானம்தான். சனிக்கிழமை காலை அவர் படகை அங்கே நகர்த்துகிறோம், கயிறு பிடிக்க நானும் போகிறேன்.