மெயின்பிரேமில் முதல் லினக்ஸ் சேர்வர்: மட்டக்களப்பிலிருந்தே தொடங்கலாம்

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கிற தம்பி தங்கச்சிமாரே, வங்கி போன்ற பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் பெருங்கணினியான மெயின்பிரேமில் லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்க அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கத் தேவையில்லை. ஒரு லேப்டாப் போதும். திரையில் எழுத்து மட்டுமே வந்து போவதால் போன் டேட்டாவே தாங்கும்.

படி 1: ஐபிஎம்மின் லினக்ஸ்ஒன் கம்யூனிட்டி கிளவுட்டில் கணக்குத் திறங்கள். 120 நாளுக்கு ஒரு லினக்ஸ் சேர்வர் இலவசம். உபுண்டுவோ சூசேயோ, கை பழகியதை எடுங்கள்.

படி 2: தூரத்துச் சேர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கு (ssh) ஒரு சாவியை உருவாக்கி, இறங்கும் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். சிஎச்மோட் (chmod) கட்டளையால் அதன் அனுமதியை 600 ஆக்குங்கள், அதாவது நீங்கள் மட்டும் வாசிக்கவும் எழுதவும் முடியும். இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை ஏற்காது. பயனர் பெயர் லினக்ஸ்1 (linux1).

படி 3: உள்ளே போனதும் யூநேம் -எம் (uname -m) என்று அடியுங்கள். மெயின்பிரேம் பிராசசர் வகையின் பெயரான எஸ்390எக்ஸ் (s390x) என்று வந்தால் சரி, மெயின்பிரேமில்தான் நிற்கிறீர்கள். அப்புறம் ப்ராக் கோப்பகத்தில் உள்ள சிஸ்இன்ஃபோ கோப்பைத் (/proc/sysinfo) திறந்து ஆறுதலாக வாசியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கோப்பு இது. மேலே இயந்திரத்தின் மாதிரி எண், அதன் கீழே அந்த இயந்திரத்தைக் கூறுபோட்டதில் ஒரு கூறான எல்பார், அதற்கும் கீழே உங்கள் சேர்வரை நடத்தும் இசட்/விஎம் அல்லது கேவிஎம் (ஒரு இயந்திரத்தில் பல மெய்நிகர் சேர்வர்களை ஓட்டும் மென்பொருள்கள்). எத்தனை அடுக்குக்குள் இருக்கிறீர்கள் என்பது ஒரே பக்கத்தில் தெரியும். இசட்/விஎம்மின் வம்சம் 1972இல் வந்த விஎம்/370 வரை போகிறது.

படி 4: மென்பொருளை அந்த லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள். இன்டெல் கணினிக்குக் கட்டிய கோப்பைக் கொண்டுவந்தால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று நின்றுவிடும். மென்பொருளைப் பொட்டலமாக்கித் தரும் டாக்கர் படிமமும் எஸ்390எக்ஸுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

படி 5: ஃப்ரீ -எம் (free -m) என்று அடித்து நினைவகத்தைப் பாருங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1999 டிசம்பரில் ஐபிஎம் மெயின்பிரேமுக்கான லினக்ஸ் மாற்றங்களை வெளியிட்டது. அதை முதலில் ஓட்டியவர்கள் தனிக் கணினிக்குக் கொடுப்பதுபோல ஒவ்வொரு சேர்வருக்கும் நினைவகத்தை அள்ளிக் கொடுத்தார்கள். லினக்ஸோ மிச்சமிருக்கும் இடத்தையெல்லாம் கோப்புகளின் கேஷால், அதாவது வேகத்துக்காக எடுத்து வைக்கும் நகல்களால், நிரப்பிவிடும். அடியில் இருக்கும் விஎம்முக்கு அது எல்லாமே தேவையான இடமாகத்தான் தெரியும். ஒரே வளவில் பல குடும்பங்களுக்கு ஒரு கிணறு இருக்க, ஒவ்வொருவரும் தொட்டி நிரப்பி வைப்பது மாதிரி. அதனால் நினைவகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடமான ஸ்வாப்பை லேசாகத் தொடும் அளவில் நிறுத்தப் பழகினார்கள். நாளை வேலையிடத்தில் மெயின்பிரேம் சேர்வர் கேட்கும்போது நீங்களும் கொஞ்சமாகவே கேளுங்கள். போதாவிட்டால் கூட்டலாம்.

அந்தக் கால லினக்ஸுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. வேலையே இல்லாவிட்டாலும் நொடிக்கு 100 தடவை விழித்து நேரம் பார்க்கும். நூறு சேர்வர் சும்மா இருந்தாலும் பிராசசர் ஓயாது. பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அதைத் திருத்தினார்கள்.

படி 6: டாப் (top) கட்டளையைத் திறந்து, பிராசசர் வரியின் கடைசியில் எஸ்டி (st) என்ற எண்ணைப் பாருங்கள். உங்கள் சேர்வர் ஓடத் தயாராக இருந்தும் பிராசசர் அடுத்தவருக்குப் போன நேரம் அது. சேர்வர் மெதுவானால் உங்கள் நிரலைக் கிண்டுவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.