காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் கசிவைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்தாலே என் மகளுக்குக் குமட்டல் வந்தது. மலைப்பாதைப் பயணத்தால் வருவது என்று எண்ணி எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் இருக்கையில் எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. ஒரு நாள் காரைச் சுத்தம் செய்வதற்காகப் பின் இருக்கையின் மெத்தையைத் தூக்கியபோதுதான் முகத்தில் அடித்தாற்போல் பெட்ரோல் வாடை வந்தது. அதற்கு முந்தைய மாதம் ஒரு பட்டறையில், டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃபியூவல் பம்பை மாற்றியவர்கள், பழைய ரப்பர் வளையத்தையே திரும்பவும் போட்டு மூடியிருந்தார்கள். காருக்குள் வரும் பெட்ரோல் வாடையை வாசனை டப்பா வைத்து மறைக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு அந்த ஒரு மாதமே காரணம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது என்பதால், அது மேலே எழாமல் கால் வைக்கும் பள்ளத்திலும் இருக்கையின் அடியிலும் தேங்குகிறது. குழந்தைகளின் மூக்கு அந்த உயரத்துக்கு அருகில் இருப்பதால் அவர்களே முதலில் உணர்கிறார்கள். காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றுவதற்கு ஒரு சிறு பொறி போதும். ஆகவே வாடை கடுமையாக இருந்தாலோ, காரின் அடியில் ஈரத்தைக் கண்டாலோ, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் நான்கு கதவுகளையும் திறந்துவிட்டு, எல்லோரையும் இறக்கி, வண்டியை இழுத்துச் செல்லும் வாகனத்தை வரவழையுங்கள். கீழே நான் சொல்பவை லேசான, விட்டுவிட்டு வரும் வாடைக்கு மட்டுமே பொருந்தும்.

கருவிகளைத் தொடுவதற்கு முன், வாடை எப்போது வருகிறது என்பதை இரண்டு மூன்று நாட்கள் குறித்து வையுங்கள். டேங்கை நிரப்பிய அன்று வந்து, ஐந்து பத்து லிட்டர் தீர்ந்ததும் மறைந்தால், கசிவு டேங்கின் மேற்பகுதியில், அதாவது பம்பின் மூடியிலோ நிரப்பும் குழாயிலோ இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது வந்து எஞ்சின் சூடானதும் குறைந்தால், முன்பக்கம், எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் ரப்பர் வளையங்களைச் சந்தேகியுங்கள். ஏசியின் காற்று வாயில் வழியாக வாடை வந்தால் இன்னொரு எளிய சோதனை இருக்கிறது: வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் நிலையிலிருந்து உள்காற்றையே சுழற்றும் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். வெளிக்காற்று முன்கண்ணாடியின் அடியிலிருந்து, எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. மாற்றியதும் வாடை குறைந்தால் கசிவு பானட்டுக்குள் இருக்கிறது. மாறாமல் நீடித்தாலோ கூடினாலோ பின்புறம் தேடவேண்டும்.

தேடும் இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். போர்டிகோவின் ஓரத்தில் இன்வெர்ட்டரும், வாசலில் ஏற்றிய விளக்கும் இருக்கும் வீடுகளில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். சூடாகும் குண்டு பல்புக்குப் பதிலாக எல்இடி டார்ச் போதும். தீயணைப்பான் உலர்தூள் வகையாக, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

என் அனுபவத்தில் காரின் உட்புறத்தில் வாடை வீசக் காரணமாக அதிகம் அமைவது பின் இருக்கைக்கு அடியில் உள்ள ஃபியூவல் பம்ப்தான். பல கார்களில் மெத்தையைத் தூக்கினால் தரையில் ஒரு சிறு மூடி இருக்கும். அதன் கீழேதான் டேங்கின் வாய். (இந்த மூடி இல்லாத கார்களில் டேங்கையே கீழே இறக்கவேண்டும் என்பதால், அதை லிஃப்ட் உள்ள பட்டறையிடம் விட்டுவிடுவதே சரி.) திறந்ததும் பம்பின் தலையைச் சுற்றி ஈரமோ, தூசி ஒட்டிய கருத்த வளையமோ தெரிந்தால் கசிவு அங்கேதான்.

அதைச் சரிசெய்ய டேங்க் கால் பங்குக்கும் கீழே இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் குழாய்க்குள் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் இருக்கும். குழாயைக் கழற்றினால் பெட்ரோல் கண்ணில் பீய்ச்சியடிக்கக்கூடும். எனவே மெத்தையைத் தூக்குவதற்கு முன்பே, காற்றோட்டமான இடத்தில் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பின்னர் பேட்டரியின் எதிர்மின் (–) முனையைக் கழற்றுங்கள். பம்பின் தலையைச் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் துடைத்தெடுக்காமல் திறக்கக் கூடாது. மண் உள்ளே விழுந்தால் பம்பின் ஆயுள் குறையும். பூட்டு வளையத்தைக் கழற்றுமுன், அம்புக்குறி எந்தத் திசையில் இருந்தது என்பதைப் படம் எடுத்து வையுங்கள். பழைய ரப்பர் வளையம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் திரும்பப் போடாதீர்கள்: பெட்ரோலில் ஊறி உப்பிய ரப்பர், வெளியே எடுத்தபின் தன் பள்ளத்தில் பழையபடி படியாது. உங்கள் மாடலுக்கு உரிய புதிய வளையத்தை முறுக்கிக்கொள்ளாமல் உட்காரவைத்து, பூட்டு வளையத்தைச் சமமாக இறுக்குங்கள்.

இந்தியாவில் 2023 பிப்ரவரியில் தொடங்கி இப்போது பரவலாகிவிட்ட இ20 பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. இதற்கென வடிவமைக்கப்படாத பழைய கார்களின் ரப்பர் பாகங்களை அது விரைவில் பாதிக்கலாம். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய காரில் ரப்பர் எப்படியும் முடிவை நெருங்கியிருக்கும் என்பதால், பெட்ரோலைக் குறைகூறிவிட்டுக் குழாயை அப்படியே விட்டுவிடுவது நியாயமல்ல.

பம்பில் குறை இல்லையென்றால், நிரப்பும் குழாயைப் பாருங்கள். பின் சக்கரத்தின் உட்புறத்தில் சேறு படிந்து, கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்து, இரும்புக் குழாய் அரித்துப்போகும். பெட்ரோல் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியையே மாற்றிவிடலாம். செலவு மிகக் குறைவு. அடுத்தது கரிக் குடுவை, அதாவது கேனிஸ்டர். இது டேங்கில் எழும் ஆவியைக் கரியில் பிடித்துவைத்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். பங்க்கில் துப்பாக்கி தானாக நின்றபின் “இன்னும் கொஞ்சம்” என்று ஊற்றச் சொல்லும் பழக்கத்தால் திரவப் பெட்ரோல் அதில் புகுந்து கரியைக் கெடுக்கிறது. அதோடு இணைந்த, ஆவியை எஞ்சினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் வால்வு மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்கவேண்டும். கழற்றி, கையால் அமுக்கும் ஒரு ரப்பர் குமிழால் காற்றை அழுத்தும்போது காற்று தாராளமாகச் சென்றால் வால்வு பழுது. பெட்ரோல் நிரப்பிய உடனே எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் தடுமாறுவதும் இதற்கான அறிகுறி.

பானட்டுக்குள் குழாய் வெடித்திருந்தால், கடையில் கிடைக்கும் ஏதோ ரப்பர் குழாயைச் செருகாதீர்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற குறியுள்ள இன்ஜெக்‌ஷன் குழாயையும், விளிம்பால் ரப்பரை வெட்டாத உருண்ட விளிம்புக் கிளாம்பையும் கேட்டு வாங்குங்கள். சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் உயர் அழுத்த நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள கார்களில் எதையும் நீங்களே கழற்றக் கூடாது. இன்ஜெக்டருக்குப் பதிலாக, பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் மிதவை சிக்கி பெட்ரோல் வழிவதும் பம்பின் டயாஃப்ரம் எனும் ரப்பர் சவ்வு கிழிவதும் முதலில் பார்க்கவேண்டியவை.

வேலை முடிந்ததும் மெத்தையைப் போடாமலே பேட்டரியையும் ஃபியூஸையும் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஓரிருமுறை திருப்பி அழுத்தம் ஏற்றி, பம்பைச் சுற்றி உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் அடுத்த முறை டேங்கை நிரப்பிய அன்றும், மறுநாள் காலையும், அதே துணிச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். கசிவு நின்றபின்னும் தரைவிரிப்பில் வாடை சில நாட்கள் இருக்கும். விரிப்பையும் அடிப்பஞ்சையும் கழற்றி வெளியே நிழலில் காற்றாட உலர்த்தினால் போய்விடும். நான்கு நாட்களுக்குப் பிறகும் குறையவில்லையென்றால், பஞ்சு பெட்ரோலைக் குடித்திருக்கிறது என்று கொண்டு அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.