மலையகத்துக் கிறிஸ்தவச் சரித்திர நாவல்: நான் எழுதும் விதம்

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். கதாநாயகி யார், யாரைக் கட்டப் போகிறாள், கடைசியில் யாருக்குக் காய்ச்சல் வரும் என்பதெல்லாம் அப்புறம். எழுத ஆசைப்பட்டு என் வீட்டுக்கு வரும் பிள்ளைகளில் பலர் "வெள்ளைக்காரன் காலத்துல நடக்கிற கதை மிஸ்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கண்டி வீழ்ந்த 1815இலிருந்து எண்ணினால் வெள்ளைக்காரன் காலம் இலங்கை மலையகத்தில் 1948 வரை 133 வருடம். அதற்குள் கோப்பி வந்து அழிந்தது, காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா மரம் வந்து போனது, தேயிலை வந்து நிலைத்தது. எந்த வருடம் என்று தெரியாமல் ஒரு பெண்ணிடம் கூடையைக் கொடுக்க முடியாது. அந்தக் கூடைக்குள் அவள் எதைப் போடுவாள்?

நான் ஹட்டனில் சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். என் கொள்ளுப்பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உபதேசியார், பாதிரிமாருக்குக் கீழே வேதம் சொல்லிக்கொடுத்தவர். தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றித்தான் இதுவரை எழுதியிருக்கிறேன், இனியும் அதைத்தான் எழுதுவேன். சரித்திரம் படித்திருப்பது இந்த வேலைக்குக் கொஞ்சம் உதவும். வேதபாட வகுப்பில் பரிசு வாங்கியிருப்பது பல நேரம் இடைஞ்சல்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆண்டு என்ன செய்யும் என்பதற்கு 1878ஐயும் ஹட்டனுக்குப் பக்கத்து டிக்கோயாவையும் எடுத்துக்கொள்வோம். நாவலப்பிட்டிக்கு ரயில் 1874இல் வந்துவிட்டது. ஹட்டனுக்கு வர 1884 ஆகும். ஆகவே உங்கள் பாதிரியார் நாவலப்பிட்டியில் இறங்கிக் குதிரையிலோ நடந்தோதான் மேலே வரவேண்டும், மழையில் நனைந்து வரவேண்டும். தோட்டத்தில் நிற்பது கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டுவிட்டார் என்றாலும், டிக்கோயாவில் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் பெண் பறிப்பது கொழுந்து அல்ல, சிவந்த கோப்பிப் பழம். இலைக்கு அடியில் மஞ்சள் தூள் படியும் நோயை 1869இலேயே மடுல்சீமையில் கண்டுபிடித்தாயிற்று. துரைமாருக்கு, அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர்களுக்கு, அது தெரியும். கோப்பி விலை ஏறி நின்றதால் அவர்கள் காடு வெட்டுவதை நிறுத்தவில்லை. கூலியைச் சதத்தில் சொல்லலாம், ரூபாயும் சதமும் 1872இல் வந்துவிட்டன. கதை அதற்கு முன் போனால் சிலிங், பென்ஸ். அக்கரையில், அதாவது தமிழ்நாட்டுப் பக்கம், 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். மன்னாரில் இறங்கித் தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்து வருகிறவர்கள் எந்த உடம்போடு வந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். தலைமன்னார் ரயில் 1914இல்தான், அதில் ஏற்றிவிடாதீர்கள்.

டிக்கோயாவின் வார்லி தேவாலயம் கட்டப்பட்டதும் அதே 1878இல்தான். இன்று அதன் முற்றத்தில் நின்றால் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணாடி மாதிரி கிடக்கும். அந்தத் தண்ணீர் 1960களில் வந்தது. 1880இல் மணமக்கள் அந்த முற்றத்தில் நின்று ஏரியைப் பார்க்கும் காட்சியை ஒரு தம்பியின் கையெழுத்துப் பிரதியில் வாசித்தேன். அழகான காட்சி. வெட்டச் சொன்னேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

தடித்த அட்டை போட்ட ஒரு பெரிய சி.ஆர். குறிப்புக் கொப்பி வாங்கி, மாதத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். கோப்பி பூப்பது, பழம் சிவப்பது, தென்மேற்கு மழை, லெந்து நாட்கள், மாரியம்மன் திருவிழா, எல்லாம் அதில் வரட்டும். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போதுதான் கதை தானாக மேலே வரும். எனக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது முக்கியமாகப் பழம் பறிக்கும் பருவத்தில். அதனால் பெரும்பாலும் ஆண்கள், வந்து உழைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். வருடம் முழுக்கக் கை கேட்ட தேயிலைதான் குடும்பங்களை லயத்தில் தங்கவைத்தது. அப்படியானால் கோப்பிக் காலத்து உபதேசியார் ஒருவர் பாடுபட்டுச் சேர்க்கும் சபை, பறிப்பு முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விடும். கிறிஸ்மஸ் அன்று அவர் யாருக்குப் பிரசங்கம் செய்வார்? இந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு மூன்று அத்தியாயம் கிடைத்தது.

பதிவேடும் பாதிரி அறிக்கையும்

பழைய ஆலயங்களில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் பதிவேடுகள் இருக்கும். குருவானவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, என்ன ஆண்டு, எதற்காக என்று சொல்லுங்கள். திடீரென்று போய் நிற்காதீர்கள். பேனா கொண்டுபோக வேண்டாம், பென்சில் போதும். பக்கங்களைத் தொட்டால் உதிரும். பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வருவது வீண்வேலை. எந்தத் தோட்டம், தகப்பனுக்கு என்ன தொழில், யார் ஞானஸ்நானம் கொடுத்தது, ஒரே மாதத்தில் எத்தனை பிள்ளைகளை அடக்கம் செய்தார்கள் என்று பாருங்கள். ஒரே தோட்டத்தில் ஒரு மாதத்துக்குள் அடக்கங்கள் குவிந்திருந்தால் அங்கே வாந்திபேதியோ வேறு கொள்ளைநோயோ வந்திருக்கலாம். தேடத் தொடங்க வேண்டிய இடம் அது. பதிவேட்டில் பார்த்த உண்மைப் பெயர்களை நாவலில் வைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் அடுத்த டிவிசனிலேயே இருப்பார்கள்.

தோட்டத்துக்கு இரண்டு பெயர் இருப்பதையும் மறக்கக் கூடாது. துரை எழுதும் ஆங்கிலப் பெயர் ஒன்று, லயத்தில் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று. பழைய பெர்குசன் டிரெக்டரிகளில் ஆண்டுவாரியாகத் தோட்டங்களும் துரைமாரும் கிடைப்பார்கள். கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் பார்க்கலாம். தமிழ்ப் பெயரை வயதானவர்களிடம் கேட்டு வாங்குங்கள்.

மிஷன் அறிக்கைகள் வேறு வகை. சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரிச் சங்கத்தின் மூலக் கடிதங்கள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, நம்மால் போக முடியாது. அச்சில் வந்த ஆண்டறிக்கைகள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது. அறிக்கையை வாசிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: அது இங்கிலாந்தில் காணிக்கை கொடுக்கிறவர்களுக்காக எழுதப்பட்டது. அதில் மனந்திரும்பியவன் எப்போதும் கண்ணீரோடு நிற்பான். அவன் பெண்சாதி அன்றிரவு என்ன சொன்னாள் என்று இருக்காது. நான் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் "இதில் யார் பேசவில்லை?" என்று பென்சிலால் எழுதுவேன். பெரும்பாலும் பதில் ஒரு பெண்ணாக இருக்கும், சில நேரம் சிறு ஆள்கட்டுக்குத் தலைவனான சில்லறைக் கங்காணியாக இருக்கும்.

உபதேசியார் நிற்கும் இடம்

தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கியது. வெள்ளைக்காரப் பாதிரிமாரை அனுப்பியது சி.எம்.எஸ். தோட்டம் தோட்டமாக நடந்த தமிழ் உபதேசியார்மாரின் செலவுக்குத் துரைமார் சந்தா கொடுத்தார்கள். இதை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நாவலே இங்கேதான் கிடக்கிறது. துரையின் அனுமதி இல்லாமல் உபதேசியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. பெரட்டுக்களத்தில், விடியற்காலைக் குளிரில், வேலைக்குப் பிரிக்கப்படுமுன் நிற்கும் ஆட்களிடம் அவர் இயேசுவைப் பற்றிப் பேசுகிறார். பேசி முடித்ததும் அதே களத்தில் கங்காணி ஒருவனுக்கு 'அரைப் பேர்' போட்டு அரைநாள் கூலியை வெட்டுகிறான். உபதேசியார் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் என்ன செய்வார்?

இன்னும் கொஞ்சம் நெருக்குங்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் உபதேசியார் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கடுதாசி எழுத எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். ஒருவன் வந்து, "அம்மாவுக்கு எழுதுங்க ஐயா, நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு" என்கிறான். இன்றிரவு அவன் ஓடப் போகிறான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் இருப்பது துரை சந்தாவில் வாங்கிய மை. இந்த இடத்தில் வேதவசனம் எடுத்துப் போடாதீர்கள். அவரை எழுத விடுங்கள், அல்லது எழுத மறுக்க விடுங்கள். ஜெபம் பிறகு வரட்டும், வராமலும் போகட்டும்.

உபதேசியார் எந்த ஊர், எந்தச் சாதி என்பதையும் மறைக்க வேண்டாம். லயக் காம்பராக்கள் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன என்பதை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவர் யார் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், உட்கார்ந்தார், யார் கொடுத்த தண்ணீரைக் குடித்தார் என்று எழுதினாலே போதும், விளக்கம் தேவையில்லை. சபை மக்களுக்கு இது பிடிக்காது. "கிறிஸ்துவுக்குள்ள சாதி ஏதும்மா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். விவாக விளம்பரம் கொடுக்கும்போது அவர் என்ன எழுதினார் என்று கேட்க நினைத்தேன், வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டேன்.

அவர் கையில் எந்த வேதாகமம் என்பதையும் ஆண்டுதான் சொல்லும். இன்று நம் ஆலயங்களில் வாசிக்கும் ஐக்கிய திருப்புதல் முழுமையாக வந்தது 1871இல். அதற்கு முந்திய கதையில் பப்ரிசியஸ் அல்லது இரேனியஸ் மொழிபெயர்ப்பைத் தேடிப் பாருங்கள், நடை வேறாக இருக்கும். பாட்டுக்கும் அப்படித்தான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இறந்தது 1864இல். அவருடைய கீர்த்தனைகளை எந்த உபதேசியார் வாயிலும் தயங்காமல் வைக்கலாம். போன நூற்றாண்டில் வந்த பாமாலைகளை வைக்க முடியாது.

வசனம்

நாட்டுக்கூத்து மாதிரிப் பேசவைக்காதீர்கள், சினிமா மாதிரியும் வேண்டாம். கோப்பித் தோட்ட வேலையின் சொற்கள் வேண்டுமென்றால் ஆபிரகாம் யோசேப்பு 1869இல் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' இருக்கிறது. ஒரு கிறிஸ்தவர், தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர், கும்மி மெட்டில் கோப்பி வேலையைப் பாடிவைத்திருக்கிறார். தொழிலாளர் பக்கம் நின்று பாடியதல்ல, கவனமாக வாசிக்க வேண்டும். பொருட்களைக் கண்ணால் பார்க்கக் கம்பளைப் பக்கம் பழைய லயத்திலேயே அமைத்திருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

ஞானஸ்நானம் பெற்றவளைப் பதிவேட்டில் மரியாள் என்று எழுதியிருப்பார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவளைக் கருப்பாயி என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். பாதிரி இருக்கும் காட்சியில் ஒரு பெயர், அத்தை இருக்கும் காட்சியில் ஒரு பெயர் என்று வையுங்கள். வாசகர் குழம்பமாட்டார்.

இனி அந்த வேதபாடப் பரிசு. விசுவாசமுள்ளவர்கள் எழுதும் நாவலில் பாத்திரங்கள் சீக்கிரம் சரியாகிவிடுகிறார்கள். குடிகாரன் ஒரு பிரசங்கத்தில் திருந்துகிறான், கொடுமைக்காரக் கங்காணிக்குக் கால் முறிகிறது. எனக்கும் கர்த்தர்மேல் நம்பிக்கை உண்டு, ஆனால் அவர் என் அத்தியாய முடிவுகளுக்கு ஏற்றபடி வேலை செய்கிறவர் அல்ல. விசுவாசத்துக்கு ஒரு செலவு இருக்கட்டும். கிறிஸ்தவனாகிவிட்ட மகன், தகப்பன் செத்த வீட்டில் தப்பு அடிக்கும்போது எங்கே நிற்பான்? கொள்ளி யார் வைப்பது? அம்மா அவனைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் அடுத்தவனிடம் நெருப்புச் சட்டியைக் கொடுக்கிறாள். பாதிரி அறிக்கையில் இது "ஒரு குடும்பம் பிரிந்தது" என்று அரை வரியாக இருக்கும். நீங்கள் பத்துப் பக்கம் எழுதுங்கள். அம்மாவின் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும், மாரியம்மன் கோயில் பூசாரியைக் கோமாளியாக்கக் கூடாது. இந்து வாசகர் ஒருவர் அந்தப் பத்துப் பக்கத்தை வாசித்துவிட்டு "எங்க வீட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கும்" என்று சொல்ல வேண்டும். அச்சுக்குக் கொடுக்குமுன் நான் எப்போதும் சபைக்கு வெளியே ஒருவரிடம்தான் முதலில் வாசிக்கக் கொடுப்பேன்.

எழுதும் நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாடசாலைக் காலத்தில் விடியுமுன் எழுதினேன், இப்போது பகலில் எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

அச்சுக்கு வரும்போது கணக்காக இருங்கள். 300 பிரதிகளுக்கு மேல் முதலில் அடிக்க வேண்டாம். ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பித்துப் பெறலாம், அச்சகக்காரர் செய்வார் என்று விட்டுவிடாதீர்கள். முற்பணம் முழுதும் கொடுக்கக் கூடாது, பாதி போதும். மீதியைப் புத்தகத்தைக் கையில் எடுத்து, பக்கங்கள் ஒழுங்காகத் தைக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொரு கட்டிலும் ஒன்றைப் புரட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். வெளியீட்டு விழாவை ஆலய மண்டபத்தில் வைத்தால் வாடகை மிச்சம், ஆனால் தோட்டத்து ஆட்கள் தயங்குவார்கள். வாசிகசாலையிலோ பாடசாலையிலோ வையுங்கள். முதற்பிரதியைக் கடைக்கார முதலாளிக்குக் கொடுத்தால் அச்சுச் செலவில் ஒரு பங்கு அங்கேயே திரும்பி வரும், கூச்சப்படாதீர்கள். பேச்சாளர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். அதில் ஒருவராவது புத்தகத்தை வாசித்திருக்க வேண்டும். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வைத்தால் நன்றாக விற்கும்.